கல்லீரல் நார்மல் என்று ரிப்போர்ட் சொல்லும்போது, அதையும் ஏன் மாற்றச் சொல்கிறார்கள்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். அக்கா மகனுக்கு 9 வயது. 4 வயதிலிருந்தே கிட்னியில் கல். எடுக்க எடுக்கத் திரும்ப வந்திருக்கிறது. இப்போது இரண்டு கிட்னியும் செயலிழந்து வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அக்கா தன் கிட்னியைக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். டாக்டரோ 'பிரைமரி ஹைப்பராக்சலூரியா' என்று ஒரு பெயரைச் சொல்லி, கிட்னியை மட்டும் வைத்தால் நிற்காது, கல்லீரலையும் மாற்ற வேண்டும் என்கிறார். லிவர் ஃபங்ஷன் டெஸ்ட் நார்மல், ஸ்கேனிலும் லிவர் நார்மல். நன்றாக இருக்கிற லிவரை எதற்கு எடுக்க வேண்டும், ஆஸ்பத்திரி காசு பார்க்கிறதா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். கூடவே தக்காளி, கீரை, போர் தண்ணீர் இதெல்லாம் காரணமா, 4 வயதுத் தங்கைக்கும் பரிசோதனை வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பையனுக்கு இருப்பது முதல் வகை பிரைமரி ஹைப்பராக்சலூரியாதான் என்றால், டாக்டர் சொன்னது சரி. காசுக்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. கையில் டோனர் இருக்கிறார், கிட்னியை மட்டும் வைத்து அனுப்புவதுதான் யாருக்கும் சுலபமான வழி; அதைச் செய்யாமல் நிறுத்திப் பேசியிருக்கிறார். 'என்றால்' என்று நான் போட்டிருப்பதில் நிறைய விஷயம் இருக்கிறது, அதற்குக் கீழே வருகிறேன். பல வருடங்களாகக் குழந்தைகளின் சிறுநீரக நோய்களைப் பார்த்துவருபவன் நான். கல்லீரல் அறுவை சிகிச்சை செய்பவன் அல்ல. பையனின் ரிப்போர்ட்டுகளையும் பார்க்கவில்லை. அதனால் நோயைப் பற்றி உறுதியாகப் பேசுவேன், பையனைப் பற்றி உறுதியாகப் பேசமாட்டேன்.

லிவர் ஃபங்ஷன் டெஸ்ட் என்ற பெயரைக் கேட்டால் லிவர் செய்யும் எல்லா வேலையையும் அது அளக்கிறது என்று தோன்றும். அப்படியில்லை. லிவர் செல்கள் சேதமாகி உள்ளேயிருப்பது ரத்தத்தில் கசிகிறதா, பித்தம் தடையில்லாமல் போகிறதா, ஆல்புமின் சரியாக உற்பத்தியாகிறதா, இவ்வளவுதான் அதில் தெரியும். லிவர் நூற்றுக்கணக்கான ரசாயன வேலைகளைச் செய்கிறது. அதில் ஒன்றே ஒன்றைச் செய்யும் நொதி பிறவியிலேயே பழுதாக இருந்து, மற்றதெல்லாம் ஒழுங்காக நடந்தால் எஸ்ஜிபிடி, பிலிருபின் எல்லாம் நார்மலாகத்தான் வரும். ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாது. இந்த நோயில் லிவர் ரிப்போர்ட் நார்மலாக இருப்பதுதான் வழக்கம். பிரச்சினை இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

பழுதான அந்த நொதியின் பெயர் அலனின் கிளையாக்சிலேட் அமினோடிரான்ஸ்ஃபரேஸ், சுருக்கமாக ஏஜிடி. லிவர் செல்லுக்குள் பெராக்சிசோம் என்ற சின்னச் சின்னப் பைகள் உண்டு. அங்கே கிளையாக்சிலேட் என்ற பொருள் அன்றாடம் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. ஏஜிடி அதைப் பிடித்து கிளைசின் என்ற தீங்கில்லாத அமினோ அமிலமாக மாற்றிவிடும். ஏஜிடி இல்லாவிட்டால் அதே கிளையாக்சிலேட் வேறொரு நொதியின் கையில் சிக்கி ஆக்சலேட்டாக மாறுகிறது. ஆக்சலேட்டால் நம் உடலுக்கு எந்த உபயோகமும் இல்லை, அதை உடைக்கும் நொதியும் மனிதருக்கு இல்லை. வெளியேற இருக்கும் முக்கியமான வழி சிறுநீர்தான். ஆரோக்கியமான ஒருவரின் சிறுநீரில் ஒரு நாளைக்கு 45 மில்லிகிராமுக்குள் ஆக்சலேட் போகும். இந்த நோயில் அது 90, 100 என்று தாண்டி, சிலருக்கு 200-க்கு மேலும் போகும். அங்கே கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிறது. முதலில் கல், பிறகு கல் என்று தனியாகச் சொல்ல முடியாதபடி கிட்னியின் சதை முழுக்கத் தூள்தூளாகப் படிகம். முற்றிய நிலையில் எக்ஸ்ரே எடுத்தால் முதுகெலும்பைப் போலவே இரண்டு கிட்னியும் வெள்ளை வெளேரென்று தெரியும். ஒருமுறை பார்த்தவருக்கு அந்தப் படம் மறக்காது.

கிட்னி வேலை செய்கிறவரை ஆக்சலேட் ஓரளவு வெளியே போய்க்கொண்டிருக்கும். கிட்னியின் வேலை முப்பது நாற்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் ரத்தத்தில் தேங்கத் தொடங்குகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் ரத்தம் போகும் இடமெல்லாம் படிகம் இறங்குகிறது. இதைத்தான் ஆக்சலோசிஸ் என்கிறார்கள். எல்லாவற்றையும்விட அதிகம் சேர்வது எலும்பில்: வலி, சுலபமாக முறிவு, வளர்ச்சி நின்றுபோதல். எலும்பு மஜ்ஜையில் படிந்தால், ரத்தம் ஊறுவதற்காகப் போடும் எரித்ரோபாயிட்டின் ஊசிக்குக்கூடச் சரியாகாத ரத்தசோகை. கண்ணின் விழித்திரையில் படிந்து பார்வையைக் கெடுக்கலாம். இதயத்தில் படிந்தால் துடிப்பைக் கடத்தும் பாதையில் தடை வரும், இதயத் தசையும் இறுகும். ரத்தக்குழாய், தோல், நரம்பு, மூட்டு, தைராய்டு என்று பட்டியல் நீளும். இத்தனை இடத்தில் படியும் பொருளை உற்பத்தி செய்கிற லிவரில் மட்டும் பெரிதாக ஒன்றும் படிவதில்லை. நோயின் பிறப்பிடமே சுத்தமாகத் தெரிகிற இந்த விசித்திரத்தால்தான் குடும்பங்கள் குழம்புகின்றன. உங்கள் குடும்பம் மட்டும் அல்ல; அனேகமாக எல்லாக் குடும்பமும் இதே கேள்வியைக் கேட்கும்.

நன்றாக இருக்கிற லிவர்தான் காரணம் என்பதற்கு என்ன ஆதாரம் என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். டாமினோ மாற்று என்று ஒரு முறை உண்டு. பரம்பரை நோய் ஒன்றுக்காக ஒருவரின் லிவரை எடுக்கும்போது, அது மற்றபடி நன்றாக இருந்தால், உயிருக்குப் போராடும் இன்னொருவருக்கு அதை வைப்பார்கள். ஐரோப்பாவில் ஹைப்பராக்சலூரியா நோயாளிகளிடமிருந்து எடுத்த லிவரையும் இப்படிச் சிலருக்கு வைத்துப் பார்த்தார்கள். லிவர் அவர்களுக்கு ஒழுங்காகவே வேலை செய்தது. ஆனால் அதுவரை ஆக்சலேட் தொல்லையே இல்லாதவர்களுக்குச் சிறுநீரில் ஆக்சலேட் ஏறி, சீக்கிரமே கிட்னி பழுதானது. அதற்குப் பிறகு இந்த நோயாளிகளின் லிவரை டாமினோவுக்கு எடுக்கக் கூடாது என்று ஒதுக்கிவிட்டார்கள். லிவர் மாறினால் நோயும் கூடவே மாறிப் போகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியாது.

கிட்னியை மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்பதும் அனுமானம் அல்ல. இந்த நோய் இருப்பது தெரியாமலேயே கிட்னி மாற்றி, புதுக் கிட்னி கெட்ட பிறகுதான் நோயைக் கண்டுபிடிப்பது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. நோயாளிகளில் பத்தில் ஒருவருக்கு அப்படித்தான் தெரியவருகிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. வழக்கமாக இப்படிப் போகும்: ஆபரேஷன் நன்றாக முடிகிறது. ரத்தத்தில் கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இறங்குகிறது. எல்லோரும் இனிப்பு கொடுக்கிறார்கள். சில வாரத்தில் கிரியேட்டினின் மறுபடி ஏறுகிறது. உடல் புதுக் கிட்னியை ஏற்கவில்லை என்று நினைத்து ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள், இறங்குவதில்லை. பயாப்ஸி எடுத்து, அந்தத் துணுக்கைப் போலரைஸ்டு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் கறுப்புப் பின்னணியில் நுண்குழாய் நுண்குழாயாக விசிறி விரித்ததுபோலப் பல நிறத்தில் படிகங்கள் மின்னும். பார்க்க அவ்வளவு அழகு, அதன் அர்த்தமோ அந்தக் கிட்னி போய்விட்டது என்பது. பழைய லிவர் ஆக்சலேட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. போதாததற்கு எலும்பில் வருடக்கணக்காகச் சேர்ந்ததும் கரைந்து ரத்தத்துக்கு வருகிறது. இரண்டும் சேர்ந்து புதுக் கிட்னியில் இறங்குகின்றன. உங்கள் அக்காவின் கிட்னிக்கும் அதுதான் நடக்கும். கொடுப்பதற்கு அவரிடம் இருப்பது ஒன்றுதான்.

சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க வேண்டுமானால் இப்படிச் சொல்லிப் பாருங்கள். உப்புத் தண்ணீர் வரும் போர் உள்ள வீட்டில் ஹீட்டர் காயில் வெள்ளையாகப் படிந்து எரிந்துபோகும். புதுக் காயில் மாட்டினாலும் தண்ணீர் அதேதான் என்பதால் சில மாதத்தில் அதுவும் போகும். கிட்னி அந்தக் காயில், லிவர்தான் போர்.

லிவரையும் கிட்னியையும் சேர்த்து மாற்றும் வழியை 1980-களில் இங்கிலாந்தில் முதலில் செய்துகாட்டினார்கள். ஏஜிடி நொதிதான் பழுது என்பதை டான்ப்யூர், ஜென்னிங்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் கண்டுபிடித்ததும், அந்தச் சிகிச்சைக்கு உறுதியான அடிப்படை கிடைத்தது. அதற்கும் வெகு முன்னால், 1925-இலேயே, பிரான்சில் லெபூட்ர் என்ற மருத்துவர் ஒரு குழந்தையின் கிட்னியில் இந்தப் படிகங்களைக் கண்டு எழுதியிருக்கிறார். உங்களுக்கு இதில் தேவைப்படும் விஷயம் வேறு: நல்ல லிவரில் ஒரு துண்டைப் பழைய லிவருக்குப் பக்கத்தில் வைத்தால் போதாதா என்று யாராவது கேட்பார்கள். வேறு சில பிறவி நோய்களில் அது போதும். இங்கே போதாது. இல்லாத ஒன்றைக் கொஞ்சம் கொடுப்பது அல்ல இங்கே பிரச்சினை. கெடுதலை உண்டாக்குவதை நிறுத்துவது. பழைய லிவரில் பாதி உள்ளே இருந்தாலும் அந்தப் பாதி ஆக்சலேட்டை உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கும். அதனால் பழையதை முழுக்க எடுத்தாக வேண்டும்.

இனி அந்த 'என்றால்'. கிட்னி செயலிழந்த எவருக்கும் ரத்தத்தில் ஆக்சலேட் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். சிறுநீர் குறைந்துபோனவரின் சிறுநீரை அளந்தும் முடிவு சொல்ல முடியாது. குடலில் கொழுப்பு உறிஞ்சப்படாத நோய்களிலும், குடலை வெட்டி எடுத்தவர்களுக்கும் ஆக்சலேட் அதிகம் உறிஞ்சப்பட்டுக் கிட்னியில் படியும். அதற்கு லிவர் மாற்று தேவையே இல்லை. சாப்பிட்ட பொருளாலும் ஆகும்: கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பிப் பிலிம்பிக்காய்ச் சாற்றைச் செறிவாகக் குடித்துக் கிட்னி பழுதான 10 பேரைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் 2013-இல் எழுதியிருக்கிறார்கள். பிறவி நோயிலேயே மூன்று வகை உண்டு. முதல் வகைதான் சுமார் 80 சதவீதம். இரண்டாம் வகையில் வேறொரு நொதி பழுது. அது லிவரில் மட்டும் இல்லாமல் மற்றத் திசுக்களிலும் இருப்பதால் லிவர் மாற்று எவ்வளவு உதவும் என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. மூன்றாம் வகையில் கல் வரும், ஆனால் கிட்னி முழுக்கச் செயலிழப்பது அபூர்வம். இவ்வளவையும் பிரித்துச் சொல்வது ஜீன் பரிசோதனை. முதல் வகைக்கு ஏஜிஎக்ஸ்டி என்ற ஜீன். முன்பு லிவரிலிருந்து துணுக்கு எடுத்து நொதியை அளப்பார்கள். இப்போது ரத்த மாதிரி போதும், இந்தியாவிலேயே செய்கிறார்கள். ஆகவே டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஜீன் ரிப்போர்ட் வந்துவிட்டதா, அதில் அந்த ஜீனின் இரண்டு பிரதியிலும் (அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று) நோயை உண்டாக்கும் மாற்றம் என்று உறுதியாக எழுதியிருக்கிறதா? 'அர்த்தம் தெரியாத மாற்றம்' என்ற ரீதியில் எழுதியிருந்தால் மரபியல் மருத்துவரிடம் காட்டாமல் லிவரில் கை வைக்கக் கூடாது. ஜீன் ரிப்போர்ட் இல்லாமலே தேதி குறிக்கிறார்கள் என்றால், அப்போது உங்கள் சந்தேகம் நியாயம். வேறொரு மையத்தில் இரண்டாவது கருத்துக் கேளுங்கள்.

அந்த ரிப்போர்ட்டில் எந்த மாற்றம் என்பதற்கும் மதிப்பு இருக்கிறது. சிலருக்கு ஏஜிடி நொதி உண்டாகிறது, வேலையும் செய்கிறது. ஆனால் பெராக்சிசோமுக்குப் போகாமல் வழிதவறி, செல்லின் இன்னொரு பகுதியான மைட்டோகாண்டிரியாவுக்குப் போய்விடுகிறது. கிளையாக்சிலேட் ஓரிடத்தில், நொதி வேறிடத்தில். (பூனை போன்ற மாமிசம் தின்னும் விலங்குகளுக்கு இந்த நொதி மைட்டோகாண்டிரியாவில்தான் இருக்கிறது, புல் தின்பவற்றுக்குப் பெராக்சிசோமில். அவற்றின் உணவுக்கு அது பொருந்துகிறது, நமக்குப் பொருந்துவதில்லை.) இப்படி வழிதவறும் வகைகள் சிலவற்றுக்கு வைட்டமின் பி6, அதாவது பிரிடாக்சின், நன்றாகக் கேட்கும். அது ஏஜிடிக்குத் துணைப்பொருள். பி6 கொடுத்தே ஆக்சலேட் நார்மலுக்குப் பக்கத்தில் வந்து, லிவரைத் தொடாமல் இருக்கும் நோயாளிகள் இருக்கிறார்கள். சில ரூபாய் மாத்திரை. ஆனால் எல்லோருக்கும் கேட்பதில்லை, பெரும்பாலான மாற்றங்களுக்குக் கேட்காது. அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதிகமானால் பி6 நரம்பைக் கெடுக்கும். 'பி6 கொடுத்துப் பார்த்தீர்களா, இவன் ஜீன் மாற்றத்துக்கு அது கேட்குமா' என்பது இரண்டாவது கேள்வி.

மூன்றாவது கேள்வி புது மருந்துகளைப் பற்றி. இங்கேதான் உறுதி குறைகிறது. லுமாசிரான் என்ற ஊசியை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 2020 நவம்பரில் அங்கீகரித்தார்கள். அது ஆர்என்ஏ முறையில் வேலை செய்கிறது: கிளையாக்சிலேட்டை உண்டாக்கும் முந்தைய நொதியின் உற்பத்தியை லிவர் செல்லிலேயே அடக்கிவிடுகிறது. மூலப்பொருள் குறைவதால் ஆக்சலேட்டும் குறைகிறது. கிட்னி ஓரளவு நன்றாக இருந்தவர்களில் நடந்த சோதனையில் சிறுநீர் ஆக்சலேட் சராசரியாக 65 சதவீதம் இறங்கியது. நெடோசிரான் என்ற இன்னொன்று 2023-இல் வந்தது. அது வேறொரு நொதியை அடக்குகிறது. கிட்னி செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவர்களிலும் லுமாசிரானைச் சோதித்தார்கள். ரத்த ஆக்சலேட் சுமார் 40 சதவீதம் குறைந்தது. நல்ல செய்தி. ஆனால் லிவரை மாற்றினால் உற்பத்தி நின்றேவிடும், இதில் குறைகிறது, அவ்வளவுதான். இந்த ஊசியின் பலத்தில் லிவரைத் தொடாமல் கிட்னியை மட்டும் வைத்த சிலரைப் பற்றிய ஆரம்பகட்ட அறிக்கைகள் நம்பிக்கை தருகின்றன. பத்து வருடம் கழித்து அந்தக் கிட்னிகள் எப்படியிருக்கும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. உடலில் ஏற்கெனவே நிறைய ஆக்சலேட் சேர்ந்திருக்கும் குழந்தைக்கு அது போதுமா என்பதிலும் நிபுணர்கள் ஒருமித்துப் பேசவில்லை. விலையோ அமெரிக்காவில் வருடத்துக்குப் பல லட்சம் டாலர், அதுவும் வாழ்நாள் முழுக்க. பணம் தடையில்லாத நாடுகளில் லிவர் மாற்று இனி குறைந்துகொண்டே போகும் என்று நினைக்கிறேன். நம் ஊரில் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு, இன்றைக்கு, லிவர் மாற்றுதான் கைக்கெட்டும் தீர்வு.

அதற்காக லிவர் மாற்றைச் சாதாரணமாகச் சொல்லவில்லை. அது பெரிய அறுவை. உயிர் ஆபத்து உண்டு. பிறகு ஆயுள் முழுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை. இரண்டையும் ஒரே நேரத்தில் வைப்பதா, முதலில் லிவர், சில மாதம் கழித்துக் கிட்னி என்று பிரிப்பதா என்பதில் மையத்துக்கு மையம் வழக்கம் மாறும். உடலில் சேர்ந்த ஆக்சலேட் மிக அதிகமாக இருந்தால் பிரித்துச் செய்வதை விரும்புகிறவர்கள் உண்டு; இடைப்பட்ட காலத்தில் டயாலிசிஸ் பழைய சேர்மானத்தைக் கொஞ்சம் இழுத்துவிடும் என்பது கணக்கு. ஒரே டோனரிடமிருந்து இரண்டையும் எடுப்பது அபூர்வம். உயிரோடிருப்பவர்கள் கொடுப்பதானால் பெரும்பாலும் இரண்டு பேர் தேவைப்படும். பெற்றோர் இருவரும் இந்த ஜீனின் ஒரு பழுதுப் பிரதியைச் சுமப்பவர்கள், ஆனால் அவர்களுக்கு நோய் இல்லை. அப்படிப்பட்டவர்களின் லிவரை வைத்து நன்றாக இருக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். அக்காவோ மாமாவோ கொடுப்பதற்கு அந்த ஒரு காரணம் மட்டும் தடையாகாது. மாற்றிய பிறகும் எலும்பிலிருந்து ஆக்சலேட் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். அதனால் புதுக் கிட்னியோடு பையன் நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். 'லிவர்தான் மாற்றியாச்சே' என்று அதில் அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.

காத்திருக்கும் காலத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வேறு நோயால் கிட்னி போன குழந்தை டயாலிசிஸில் சில வருடம் தாக்குப்பிடிக்கலாம். இந்த நோயில் அப்படியில்லை. வாரம் மூன்று முறை செய்யும் வழக்கமான டயாலிசிஸ், லிவர் அன்றாடம் உண்டாக்கும் ஆக்சலேட்டில் பாதியைக்கூட வெளியேற்றுவதில்லை. மீதி எலும்புக்கும் கண்ணுக்கும் இதயத்துக்கும் போகிறது. அதனால்தான் இந்தக் குழந்தைகளுக்கு வாரத்துக்கு ஐந்து, ஆறு முறை, நீண்ட நேரம் டயாலிசிஸ் செய்யச் சொல்கிறார்கள். வயிற்று டயாலிசிஸ் தனியாகப் போதாது. சில இடங்களில் இரண்டையும் சேர்த்துச் செய்வார்கள். உங்கள் அக்கா மகனுக்கு வாரம் மூன்று என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கூட்ட முடியுமா என்று அடுத்த முறை போகும்போது கேளுங்கள். கண் விழித்திரைப் பரிசோதனை, எக்கோ, ஈசிஜி மூன்றும் ஆகிவிட்டனவா என்றும் பாருங்கள். உறவினர்கள் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொன்னால், அந்த ஆறு மாதமும் படிகம் படிந்துகொண்டேதான் இருக்கும் என்று சொல்லுங்கள்.

தக்காளி, கீரை, போர் தண்ணீர்: இவை காரணம் அல்ல. ஆக்சலேட் உள்ளேயே தயாராவதால் உணவைக் குறைத்துக் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. பசலைக்கீரையை அளவில்லாமல் கொடுக்காமல் இருந்தால் போதும். சாப்பாட்டையே கசப்பாக்க வேண்டாம். கால்சியக் கல் என்றதும் பாலை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். குடலில் ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றுவதே கால்சியம்தான். டயாலிசிஸில் இருக்கும் பையனுக்குப் பால் எவ்வளவு என்பதை மட்டும் பாஸ்பரஸ் கணக்குப் பார்த்து டயட்டீஷியன் சொல்வார். வைட்டமின் சி மாத்திரை வேண்டவே வேண்டாம், அது உடலில் ஆக்சலேட்டாக மாறும். ஸ்டார் ஃப்ரூட் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மூளையையே பாதிக்கும் விஷம். வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம் எல்லாம் யாராவது அன்போடு கொண்டுவருவார்கள். லிவரில் இல்லாத நொதியை அவற்றால் உண்டாக்க முடியாது. செயலிழந்த கிட்னியில் அந்தச் சாற்றிலுள்ள பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். கோபப்படாமல் வாங்கி வைத்துவிடுங்கள், கொடுக்காதீர்கள்.

செலவுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பு மாற்று சிகிச்சைகளும் இருக்கின்றன. உங்கள் ஆஸ்பத்திரி அதில் உள்ளதா என்று பாருங்கள். மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையின் கீழ், அறிவிக்கப்பட்ட உயர்சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி கேட்கலாம். பெங்களூரு மனித மரபியல் மையம் அவற்றில் ஒன்று. இந்த நோய்க்கு விண்ணப்பம் ஏற்கப்படுமா என்பதை மையத்தில் நேரடியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இறந்தவர்களின் உறுப்புக்குத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் லிவர், கிட்னி இரண்டுக்கும் பதிவு செய்யச் சொல்லுங்கள், வீட்டில் டோனர் இருந்தாலும்.

கடைசியாகத் தங்கை. நீங்கள் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அவளைப் பற்றித்தான் அதிக அவசரம். பெற்றோர் இருவரும் ஒரு பழுதுப் பிரதியைச் சுமப்பதால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அண்ணனுக்கு வந்துவிட்டதால் அவளுக்கு அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அக்கா தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்யும் சமூகங்களில் இந்த நோய் அதிகம் தெரிவதற்கு ஒரே பழுது இரண்டு பக்கமும் வருவதுதான் காரணம். அதற்காக இப்போது அவர்களைக் குறைசொல்லி யாருக்கும் பயனில்லை. அவளுக்கு வலி, கல் எதுவும் இல்லை என்பதை வைத்து விட்டுவிடாதீர்கள். பையனின் ஜீன் மாற்றம் தெரிந்திருந்தால் அவளுக்கு அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பார்ப்பது சுலபம், செலவும் குறைவு. அது வரும்வரை கிட்னி ஸ்கேனும், சிறுநீரில் ஆக்சலேட்-கிரியேட்டினின் விகிதமும் பார்க்கலாம். இருக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே தொடங்க வேண்டியது தண்ணீர்: உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் வரை, ராத்திரியும் சேர்த்து. நான்கு வயதுக் குழந்தைக்கு அது இரண்டு லிட்டரைத் தொடும். குடிக்க மறுத்தால் வயிற்றில் சின்னக் குழாய் வைத்து ராத்திரி சொட்டுச் சொட்டாக விடுகிறோம். கூடவே பொட்டாசியம் சிட்ரேட், பி6. கிட்னி நன்றாக இருக்கும்போதே தொடங்கியவர்களுக்குப் பல வருடம் கிட்னி தாங்குகிறது. சிறுநீர் பரிசோதனைக்குப் போகும்போது ஒரு விஷயம்: சில நாள் முன்பிருந்தே வைட்டமின் சி சிரப் எதுவும் கொடுக்காதீர்கள், அமிலம் சேர்த்த டப்பாவை லேபிலேயே கேட்டு வாங்குங்கள். சாதாரண டப்பாவில் பிடித்துக் கொடுத்தால் ஆக்சலேட் அடியில் படிந்து, உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டலாம்.